ஜமைக்காவின் 129 குழந்தைகள்: பால்மாவும் பாட்டில் கிலுகிலுப்பையும்

1986–87 காலத்தில் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், ஏழைக் குடியிருப்புகளில் ஒரு ஆய்வுக் குழு வீடுவீடாகப் போய்க் குழந்தைகளின் உயரத்தை அளந்தது. 9 முதல் 24 மாதம் வரையுள்ள குழந்தைகளில், வயதுக்குரிய உயரத்தைவிட இரண்டு திட்ட விலக்கத்துக்கும் (சராசரியைச் சுற்றி அளவுகள் பரவியிருப்பதைக் காட்டும் அலகு) கீழே இருந்தவர்கள் 129 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். உயரம் குன்றாத 32 குழந்தைகளும் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டார்கள். மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் மோனா வளாகத்தில் இயங்கிய இந்தக் குழுவை வழிநடத்தியவர் சாலி கிரந்தம்-மெக்ரகர். கிறிஸ்டின் பவல், சூசன் வாக்கர், ஜான் ஹைம்ஸ் ஆகியோர் உடன் இருந்தார்கள். அந்தக் குழந்தைகளை 31 வயது வரை பின்தொடர்ந்திருக்கிறார்கள். குழந்தை வளர்ச்சி ஆய்வில் இவ்வளவு சிறிய கூட்டத்தை இவ்வளவு நீண்ட காலம் விடாமல் பிடித்துவைத்த வேலைகள் மிகக் குறைவு.

இரண்டு ஆண்டுகள் சிலருக்குப் பால்மாவும், சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் வீடு தேடி வந்து விளையாட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு இது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும், விளையாட்டு பெற்றவர்களுக்கு 22 வயதில் "25 சதவீதம் கூடுதல் வருமானம்" என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். திட்டம் நடத்த நினைப்பவருக்கு அந்த வரியால் பயன் குறைவு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது, மீதி ஆறு நாளும் யார் அதைத் தொடர்ந்தார்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும். அந்தப் பகுதி கைவிட்டுப்போன இடங்களில் இதே திட்டம் பாதி பலன்கூடத் தராமல் போயிருக்கிறது.

நான்கு குழுக்கள்

129 குழந்தைகளையும் முதலில் வயதின்படியும் (16 மாதத்துக்குக் கீழ், மேல்), ஆண் பெண் என்றும் பிரித்துவிட்டு, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் சமவாய்ப்பு முறையில் நான்கு குழுக்களாக்கினார்கள். ஒரு குழுவுக்கு ஊட்டம், இன்னொன்றுக்கு விளையாட்டு, மூன்றாவதற்கு இரண்டும். நான்காவதற்கு இரண்டும் இல்லை; அது ஒப்பீட்டுக் குழு. இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது.

ஊட்டம் என்றால் குழந்தைக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. குழந்தைக்குக் கொடுத்ததை வீட்டில் மற்றவர்களும் பங்குபோட்டுக்கொள்வார்கள் என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும். அதனால் குடும்பத்துக்கென்று தனியாகச் சோள மாவும் ஆடை நீக்கிய பால்பவுடரும் கொடுத்தார்கள். அப்படியும் பங்குபோடுவது முழுதாக நின்றுவிடாது. வீட்டுச் சோற்றுக்குப் பதிலாகப் பால்மாவைக் கொடுத்துவிட்டு அந்தச் சோற்றை அண்ணனுக்குத் தள்ளிவிடும் வழக்கமும் உண்டு. பை கணக்கில் கொடுத்தது வேறு, குழந்தை வயிற்றுக்குள் கூடுதலாகப் போனது வேறு. எந்த ஊட்டத் திட்டத்தையும் படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

விளையாட்டுக் குழுவுக்கு வாரம் ஒருமுறை ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்து விளையாடுவார். பணியாளர்கள் உள்ளூர்ப் பெண்கள். பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்ல. குழந்தை வளர்ச்சி பற்றி அவர்களுக்குத் தனிப் பயிற்சி தரப்பட்டது. இரண்டு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய 100 மணி நேரம். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு மாதத்திலேயே இவ்வளவு நேரம் ஓடிவிடும்.

ஒப்பீட்டுக் குழுவையும் சும்மா விட்டுவிடவில்லை. நான்கு குழுக்களின் வீட்டுக்கும் வாராவாரம் ஆள் போய்க் குழந்தைக்கு என்ன நோய்நொடி என்று குறித்துக்கொண்டார். எல்லாருக்கும் இலவச மருத்துவ வசதியும் இருந்தது. வெளியாள் வந்துபோவதாலேயே தாய் சற்றுக் கவனமாக நடந்துகொள்வாள் என்ற ஐயம் எழாமல் இருக்க இது உதவியது. வெறும் வருகை நான்கு குழுவுக்கும் பொது. விளையாட்டு அதற்கு மேல்.

இரண்டு ஆண்டு முடிவில்

குழந்தைகளைச் சோதித்தவர்களுக்கு எந்தக் குழந்தை எந்தக் குழு என்று தெரியாது. பயன்படுத்தியது கிரிஃபித்ஸ் வளர்ச்சி அளவுகோல். முடிவுகள் 1991-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. விளையாட்டால் கைக்கும் கண்ணுக்குமான ஒத்திசைவில் 6.4 புள்ளி கூடியது. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான பலன் இருக்கக்கூடிய எல்லை, 2.8 முதல் 10.0 வரை. உடல் இயக்கத்தில் 10.3 புள்ளி. ஊட்டத்தால் உடல் இயக்கத்தில் 12.4 புள்ளி கூடியது. ஆனால் கை, கண் ஒத்திசைவில் வெறும் 2.2, அதன் இடைவெளி −1.4 முதல் 5.7 வரை, அதாவது சுழியத்தைத் தாண்டிக் கீழேயும் போகிறது; பலன் உண்டென்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டும் பெற்ற குழந்தைகள், உயரம் குன்றாத குழந்தைகளை ஏறத்தாழ எட்டிப்பிடித்தார்கள்.

அப்போது இதைப் படித்தவர்கள் எடுத்துக்கொண்டது "பாலும் வேண்டும், விளையாட்டும் வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் பலனோடு மற்றதன் பலனும் கூடும்" என்பதை. அன்றைய தரவுக்கு அது சரியான வாசிப்புதான். அடுத்த முப்பது ஆண்டுகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தின.

7–8 வயதில் மீண்டும் சோதித்தார்கள். வேறுபாடுகள் சுருங்கியிருந்தன. புலனுணர்வு–இயக்கத் திறனில் மட்டும் விளையாட்டின் தடம் தெளிவாகத் தெரிந்தது. மற்றபடி மூன்று குழுக்களும் பெரும்பாலான தேர்வுகளில் ஒப்பீட்டுக் குழுவைவிடச் சற்று மேலே இருந்தன என்ற அளவில் மட்டுமே சொல்ல முடிந்தது. அந்த ஆண்டோடு ஆய்வை மூடியிருந்தால், "பலன் தேய்ந்துபோனது" என்று எழுதி ஒதுக்கியிருப்பார்கள். 11–12 வயதில் படம் மாறியது. ஊட்டத்தின் பலன் காணவில்லை. விளையாட்டின் பலன் மீண்டும் தெரிந்தது. 17–18 வயதில், 129 பேரில் 103 பேரைக் கண்டுபிடித்துச் சோதித்தபோது, விளையாட்டுக் குழுவினர் நுண்ணறிவுத் தேர்வில் 0.38 திட்ட விலக்கம் மேலே இருந்தார்கள் (இடைவெளி 0.06 முதல் 0.71 வரை). சொல்வளத்திலும் வாசிப்பிலும் அதே போக்கு. பதற்றமும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன. 22 வயதில் 105 பேர் கிடைத்தார்கள். பொருளியலாளர்கள் பால் கெர்ட்லர், ஜேம்ஸ் ஹெக்மன் உள்ளிட்டோர் அந்தத் தரவை வைத்து 2014-இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில்தான் அந்த 25 சதவீதம் வருகிறது. 31 வயதில் மணிக்கூலி 43 சதவீதமும் மொத்த வருமானம் 37 சதவீதமும் கூடுதல் என்று 2021-இல் வெளியிட்டார்கள்.

7 வயதில் மங்கி 11 வயதில் திரும்பிய இந்தக் கோடு ஏன் இப்படிப் போனது என்பதற்கு முடிந்த முடிவான விளக்கம் கிடையாது. சிறு வயதுத் தேர்வுகள் அளக்கும் திறனும், பள்ளி முடிக்கும் வயதில் தேவைப்படும் திறனும் ஒன்றல்ல என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மாதிரி சிறியது என்பதால் 7 வயதுத் தேர்வில் இரைச்சல், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கம், பலனை மறைத்திருக்கலாம். இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று படுகிறது. காரணம், அடுத்த பகுதியின் கணக்கு.

எவ்வளவு நம்பலாம்

129-ஐ இரண்டாகப் பிரித்தால், விளையாட்டு பெற்றவர்கள் பாதி, பெறாதவர்கள் பாதி. பக்கத்துக்கு 64, 65 பேர். இந்த எண்ணிக்கையை வைத்து, 80 சதவீத உறுதியோடு கண்டுபிடிக்கக்கூடிய மிகச்சிறிய பலன் ஏறக்குறைய 0.49 திட்ட விலக்கம். 22 வயதில் 105 பேர் என்றால் அது 0.55. அதற்குக் கீழே உண்மையான பலன் இருந்தாலும் பல நேரம் கண்ணில் படாது. கண்ணில் பட்டால், பட்ட அளவு உண்மையைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்புண்டு. சிறிய மாதிரியின் சாபம் இது. 0.38-இன் இடைவெளி 0.06-இல் தொடங்குவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். "பலன் உண்டு" என்று துணிந்து சொல்லலாம். "இவ்வளவு" என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

"இரண்டும் தனித்தனியே கூடுகின்றன, ஒன்றையொன்று பெருக்குவதில்லை" என்ற 1991 முடிவு இன்னும் தளர்வானது. இரண்டு தலையீடுகள் ஒன்றோடொன்று வினைபுரிகின்றனவா என்று பார்க்கும்போது பிழையின் அளவு இரட்டிப்பாகிறது. 129 பேரை வைத்து அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பலன் ஒரு முழுத் திட்ட விலக்கத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆகவே அங்கே சொல்லப்பட்டதன் பொருள் "வினைபுரிதல் தென்படவில்லை" என்பதுதான். "இல்லை" என்று படிக்கக் கூடாது. பல மேற்கோள்கள் இந்த இடத்தில் சறுக்குகின்றன.

வருமானக் கணக்கில் இன்னொரு சிக்கல். ஊட்டத்தின் பலன் நிலைக்கவில்லை என்று தெரிந்த பிறகு, நான்கு குழுவையும் விளையாட்டு பெற்றவர், பெறாதவர் என்று இரண்டாகச் சேர்த்தார்கள். மாதிரி சிறிதாக இருக்கும்போது இது நியாயமான முடிவு. ஆனால் தரவைப் பார்த்த பின் எடுத்த முடிவு. அடுத்தது இடப்பெயர்வு. விளையாட்டுக் குழுவினரில் வெளிநாடு போனவர்கள் அதிகம்; அங்கே சம்பளமும் அதிகம். வெளிநாடு போவதே திட்டத்தின் பலனா, ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடித்ததில் ஏற்பட்ட சாய்வா? இதற்காகக் காணக் கிடைக்காதவர்களின் வருமானத்தை மதிப்பிட்டுச் சேர்த்தும் பார்த்தார்கள். தொடக்கத்தில் குழுக்களுக்கிடையே இருந்த சிறு வேறுபாடுகளுக்கு எடை கொடுத்துச் சரிசெய்தார்கள். வழக்கமான பெரு மாதிரிச் சூத்திரங்களுக்குப் பதிலாக, குழுப் பெயர்களை ஆயிரக்கணக்கான முறை கலைத்துக் கலைத்துப் போட்டுப் பார்க்கும் சோதனையைப் பயன்படுத்தினார்கள். சிறிய தரவில் செய்யக்கூடிய நேர்மையான வேலை அனைத்தும் செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் 129 என்ற எண்ணை யாரும் 1,290 ஆக்க முடியாது.

அந்த ஒரு மணி நேரம்

ஜமைக்காப் பாடத்திட்டம் பின்னாளில் "ரீச் அப்" என்ற பெயரில் பயிற்சிக் கட்டாகத் தொகுக்கப்பட்டுப் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. அதன் அடிப்படையில் ஒரு வருகை எப்படி நடக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பணியாளர் வந்ததும் செய்யும் முதல் வேலை கேட்பது. போன வாரம் விட்டுப்போன பொம்மையை வைத்து என்ன செய்தீர்கள், குழந்தை எதை விரும்பியது, எங்கே தடுமாறியது. தாயே செய்துகாட்டட்டும் என்று விட்டுவிட வேண்டும். இது ஐந்து பத்து நிமிடம்தான், ஆனால் வருகை முழுவதற்கும் இதுவே அச்சாணி. இந்தக் கட்டத்தைத் தாண்டிக்கொண்டு நேரே புதுப் பொம்மையை எடுக்கிற பணியாளரிடம், "ஆறு நாள் வேலை முக்கியமில்லை, நான் வருகிற நாள்தான் முக்கியம்" என்ற பாடத்தைத் தாய் கற்றுக்கொள்கிறாள்.

அதன் பிறகு புது விளையாட்டு. பணியாளர் குழந்தையிடம் ஒரு முறை காட்டுவார். உடனே பொருளைத் தாயின் கைக்கு மாற்றிவிடுவார். குழந்தை செய்யும்போது செய்வதைச் சொல்லிக்கொண்டே போவது தாயின் வேலை: "உள்ளே போட்டுட்டே", "இது பெரிசு, அது சின்னது", "இன்னொண்ணு எடு". பிறகு ஒரு பாட்டு, படப் புத்தகத்தில் இரண்டு மூன்று பக்கம். முடிவில், இந்த வாரம் குளிப்பாட்டும்போதும் துணி மடிக்கும்போதும் இதையே எப்படிச் செய்யலாம் என்று ஒரே ஒரு யோசனை. மூன்று யோசனை சொன்னால் ஒன்றும் நடக்காது. பொம்மை வீட்டிலேயே இருக்கும். அடுத்த வாரம் வேறு ஒன்றுக்கு மாற்றப்படும்.

பொம்மைகள் பெரும்பாலும் கழிவுப் பொருளில் செய்தவை. கூழாங்கல் போட்டு மூடியை ஒட்டிய பாட்டில் கிலுகிலுப்பை, வாய் அகன்ற டப்பாவில் பொருளைப் போட்டு எடுப்பது, மரத்துண்டுக் கட்டைகள், அட்டையில் வெட்டிய இரண்டு துண்டுப் படப் புதிர், துணிப் பொம்மை. இங்கே ஒரு கண்டிப்பு வேண்டும். 3 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைக்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதி வைக்கும் அளவு உருளை 31.7 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. அதற்குள் முழுதாக இறங்கிவிடும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடும். சோடா பாட்டில் மூடியின் விட்டம் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். அது உள்ளே இறங்கிவிடும். எண்ணுவதற்கும் அடுக்குவதற்கும் மூடி கொடுப்பதானால் வாய் அகன்ற டப்பா மூடியைத்தான் கொடுக்க வேண்டும். கிலுகிலுப்பையின் மூடியை வெறுமனே திருகி விடக் கூடாது. பசை போட்டு, மேலே நாடா சுற்றி, ஒவ்வொரு வாரமும் திருகிப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்கை வெட்டினால் விளிம்பைத் தேய்த்தோ நாடா ஒட்டியோ மழுக்க வேண்டும். பொம்மை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் முன் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கைச் சுமந்துகொண்டு போவது பணியாளரின் பைதான்.

வரிசை முக்கியம். 9–12 மாதத்தில் துணிக்கடியில் ஒளித்த பொருளைத் தேடுவது, டப்பாவுக்குள் போட்டு எடுப்பது. 12–18 மாதத்தில் துளைவழிப் பொருள் இடுவது, இரண்டு மூன்று கட்டை அடுக்குவது, உடல் உறுப்புகளின் பெயர். 18–24-இல் ஒரே வடிவத்தைச் சேர்ப்பது, இரண்டு துண்டுப் புதிர். 2 வயதுக்குப் பிறகு பெரிது சிறிது, மேலே கீழே, நிறம். அதன் பின்னரே எண்ணிக்கையும் "ஒன்றுபோல், வேறு" என்பதும். உயரம் குன்றிய குழந்தைகளில் பலர் இந்த வரிசையில் இரண்டு மூன்று மாதம் பின்தங்கியிருப்பார்கள். பிறந்த தேதியைப் பார்த்துக் கையேட்டுப் பக்கத்தைத் திறப்பது தவறு. குழந்தை இப்போது எதைத் தடுமாறாமல் செய்கிறதோ அதற்கு ஒரு படி மேலே தொடங்க வேண்டும். மிக எளிதானதைக் கொடுத்தால் குழந்தை பொம்மையை எறியும். மிகக் கடினமானதைக் கொடுத்தாலும் எறியும். எறிகிற குழந்தையைப் பார்த்து "அடம்" என்று குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன், ஒரு படி இறக்கியும் ஒரு படி ஏற்றியும் பார்க்க வேண்டும்.

எங்கே கெடுகிறது? பெரும்பாலும் ஐந்தாறு இடங்களில்தான். பணியாளர் குழந்தையோடு நன்றாக விளையாடுவார். தாய் "நீங்க பாத்துக்கோங்க அக்கா" என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அருமையான வருகையாகத் தெரியும், ஆனால் பயன் அந்த ஒரு மணி நேரத்தோடு நின்றுவிடும். அடுத்தது, விளையாட்டு சோதனையாக மாறுவது: "இது என்ன நிறம்? சொல்லு, சொல்லு." குழந்தை வாயை மூடிக்கொள்ளும், தாய் வெட்கப்படுவாள், அடுத்த வாரம் கதவு திறக்காது. மூன்றாவது, பொம்மை உடைந்துவிடும் என்று அலமாரி மேல் வைத்துவிடுவது. உடைந்தால் கேள்வி கேட்க மாட்டோம், மாற்றித் தருவோம் என்று முதல் நாளே சொல்லாவிட்டால் இது நடந்தே தீரும். நான்காவது, தாயைத் திருத்தும் தொனி. குறை சொல்லப்பட்ட தாய் பணியாளர் முன்னால் மட்டும் நடிக்கக் கற்றுக்கொள்வாள். தாய் செய்தவற்றில் சரியான ஒன்றைக் குறிப்பாகப் பெயர் சொல்லிப் பாராட்டுவது ஒழுங்காகப் பயிற்சி கொடுக்க வேண்டிய திறன். பயிற்சியில் இதற்குத்தான் மிகக் குறைந்த நேரம் ஒதுக்குகிறார்கள். இவை போக, பணியாளருக்குப் படிவம் கூடிக்கொண்டே போவது. பதினைந்து நிமிடம் எழுதுகிறவர் நாற்பத்தைந்து நிமிடமே விளையாடுகிறார்.

வாரமா, மாதமா?

செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது வருகையின் எண்ணிக்கையில். அதற்கான விடை ஜமைக்காவிலேயே இருக்கிறது. பவலும் கிரந்தம்-மெக்ரகரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில் மாதம் ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வாரம் ஒருமுறை என்று வெவ்வேறு இடைவெளிகளைப் பார்த்தார்கள். மாத வருகையால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனபோது சிறிய பலன். வாரம் ஒருமுறையில்தான் தெளிவான முன்னேற்றம். பட்ஜெட்டைப் பாதியாக்கினால் பலனும் பாதியாகும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒரு கட்டத்துக்குக் கீழே அது மறைந்தே போகிறது. ஆயிரம் குழந்தைகளை மாதம் ஒருமுறை பார்ப்பதைவிட 250 குழந்தைகளை வாராவாரம் பார்ப்பது மேல். இதை நிர்வாகிகளிடம் ஒத்துக்கொள்ளவைப்பது கடினம், ஏனென்றால் ஆண்டறிக்கையில் ஆயிரம் அழகாக இருக்கும்.

ஆள் கணக்கு இதுதான். ஒரு வருகை ஒரு மணி நேரம், நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி. ஒரு நாளைக்கு மூன்று, நன்றாகப் போனால் நான்கு. வாரத்தில் அரை நாள் பொம்மை செய்வதற்கும் கழுவுவதற்கும், அரை நாள் மேற்பார்வையாளரோடு உட்காருவதற்கும் போக, ஒரு பணியாளரால் 12 முதல் 16 வீடு வரைதான் தாங்க முடியும். 1,000 குழந்தைக்கு 70 பணியாளர், பத்துப் பேருக்கு ஒருவர் என்று 7 மேற்பார்வையாளர். இதில் மேற்பார்வையாளரைத்தான் முதலில் வெட்டுவார்கள். அவர் பணியாளரோடு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்க்காவிட்டால், மேலே சொன்ன அடுப்படிக் கதை ஒருபோதும் வெளியே தெரியாது. வருகைப் பதிவேட்டில் எல்லாக் கட்டங்களிலும் டிக் இருக்கும்.

ஜமைக்காவுக்கு வெளியே

கொலம்பியாவில் 96 நகராட்சிகளில் 12–24 மாதக் குழந்தைகள் 1,420 பேரோடு இதே பாடத்திட்டத்தை 18 மாதம் நடத்தினார்கள். வீட்டுக்குப் போனவர்கள், அரசின் உதவித்தொகைத் திட்டத்தில் ஏற்கெனவே ஊர்த் தாய்மார்களின் பிரதிநிதிகளாக இருந்த பெண்கள். 2014-இல் வந்த முடிவு: அறிதிறனில் 0.26 திட்ட விலக்கம், கேட்டுப் புரிந்துகொள்ளும் மொழியில் 0.22. கூடவே சிலருக்குக் கொடுத்துப் பார்த்த நுண்ணூட்டப் பொடிக்கு எந்தப் பலனும் இல்லை. ஆய்வாளர்கள் மேலும் அலசியபோது, வீட்டில் பெற்றோர் விளையாட்டுப் பொருளிலும் நேரத்திலும் கூடுதலாகச் செலவிட்டதே குழந்தையின் முன்னேற்றத்தைப் பெரிதும் விளக்கியது. அந்த ஆறு நாள் பற்றிய நம் வாதத்துக்கு மிக வலுவான சான்று இது. ஆனால் தலையீடு முடிந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு சோதித்தபோது அந்த 0.26 காணாமல் போயிருந்தது.

இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. ஜமைக்காவின் 7 வயதுக் கோடு நினைவிருந்தால் அவ்வளவு அவசரப்பட மாட்டார்கள். அதற்காக, இங்கேயும் 11 வயதில் திரும்பிவரும் என்று உறுதி கூறுவதும் ஏமாற்று. இரண்டுக்கும் இடையே உண்மையான வேறுபாடுகள் இருக்கின்றன. ஜமைக்காவில் எல்லாக் குழந்தைகளும் உயரம் குன்றியவர்கள். கொலம்பியாவில் ஏழைக் குடும்பங்களின் பொதுக் குழந்தைகள். இழப்பு அதிகமாக இருந்த இடத்தில் மீட்பும் அதிகமாகத் தெரியும். ஜமைக்காவில் 24 மாதம், கொலம்பியாவில் 18. ஜமைக்காவில் ஒரே நகரம், ஒரு சிறிய பல்கலைக்கழகக் குழு கண் முன்னால் நடத்தியது; கொலம்பியாவில் நாட்டின் பல மூலைகள். பெருவில் அரசே "குனா மாஸ்" என்ற பெயரில் நாட்டளவில் வீட்டு வருகையை விரித்தபோது பலன் 0.10 திட்ட விலக்கம் அளவுக்கு இறங்கியது. விரிக்க விரிக்க நீர்த்துப்போகும் போக்கு இந்த மூன்று எண்களிலும் தெரிகிறது.

ஒடிசாவில் நடந்த இரண்டு ஆய்வுகள் இந்தப் போக்கை மறித்து நிற்கின்றன. கட்டாக் நகரின் 54 குடிசைப் பகுதிகளில் 421 குழந்தைகளோடு நடந்த வீட்டு வருகையில் அறிதிறன் 0.36 திட்ட விலக்கம் உயர்ந்தது. பிறகு அதே மாநிலத்தின் 192 கிராமங்களில் இன்னொரு கேள்வியைச் சோதித்தார்கள்: வீட்டுக்குப் போகாமல் தாய்மாரையும் குழந்தைகளையும் ஓரிடத்தில் கூட்டி நடத்தினால் என்ன ஆகும்? பலன் வீட்டு வருகைக்குக் குறையவில்லை. செலவோ பல மடங்கு குறைந்தது.

கூட்டத்தில் செய்யும்போது சில மாற்றங்கள் வேண்டும். ஒவ்வொரு பொம்மையிலும் வந்திருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு மேல் இரண்டு கூடுதலாக இருக்க வேண்டும்; குறைந்தால் அந்த அமர்வு பஞ்சாயத்தாக முடியும். வயது இடைவெளி ஆறு மாதத்துக்கு மேல் போனால் இரண்டு பாயாகப் பிரித்து உட்காரவைக்க வேண்டும். முதல் பாயில் ஒளித்துத் தேடும் விளையாட்டு, இரண்டாவதில் புதிர். வீட்டில் வெட்கப்படும் தாய் கூட்டத்தில் மற்றவளைப் பார்த்துச் செய்யத் தொடங்குவாள் என்பது நன்மை. கடைசி வரிசையில் யாரும் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கும் தாய், நாலு வாரம் கழித்து வராமல் நின்றுவிடுவாள் என்பது தீமை. வராத தாயை அந்த வாரமே வீட்டில் போய்ப் பார்க்க ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் "வந்தார், வரவில்லை" என்பதோடு இன்னொரு கட்டமும் போட வேண்டும்: இன்று அந்தப் பொருளைக் கையில் எடுத்து விளையாடியது தாயா, பணியாளரா?